குங்குமம் வைத்த மின்முனை

வீட்டில் இருந்தால் குழந்தைக்கு வந்தது சளியா வெறும் தும்மலா என்று யோசிப்பேன். கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் என் மின்முனை சரியா என்று யோசிப்பேன். இடையில் செவிலிமேட்டு பஸ்ஸில் இரண்டையும் சேர்த்து யோசிப்பேன்.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க, விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதில் ஒரு வினையூக்கி தேடுவது என் முனைவர் பட்ட ஆய்வு. சில அணுக்களின் தடிமனே உள்ளதால் இருபரிமாணப் பொருள்கள் எனப்படும் இரண்டைச் சேர்க்க வேண்டும். மாலிப்டினம் சல்பைடு வேலை செய்யும். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கிராஃபீன் கடத்தும், வேலை செய்யாது. ஒட்டவைத்தால் குடும்பம் நடக்கும் என்பது கணக்கு.

என் ஆய்வை மதிப்பிடும் குழு கூடுவதற்கு இரண்டு வாரமே இருந்தது. இரண்டையும் புது விகிதத்தில் கலந்து, தபால்தலை அளவு கார்பன் துணியில் கறுப்பாகப் பூசிக் காயவைத்திருந்தேன்; மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரில் வைக்கும் மின்முனை அதுதான். அன்று ஆய்வகத்தில் ஆயுதபூஜை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மாமியாரும் வந்தார். பட்டுத்தறிக் குடும்பம், தறியில் ஒரு கட்டையைக்கூடப் பொட்டில்லாமல் விடமாட்டார். நான் குழந்தையின் வாயிலிருந்து பொரியைத் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் தராசு, கம்ப்யூட்டர், மின்விசிறி சுவிட்சு என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்து, என் மின்முனைக்கும் வைத்துவிட்டார்.

“ஐயோ அத்தை! அதைத் தொடக் கூடாது!”

“தறிக்கே வெக்கிறோம், இது மட்டும் என்னாமா பாவம் பண்ணிச்சி?”

பூச்சு உரிந்துவிடுமோ என்ற பயத்தில் அரைகுறையாகக் கழுவினேன். விடுமுறை முடிந்து அளந்தபோது ஹைட்ரஜன் குமிழ்கள் பொங்கி வந்தன. அதுவரை அப்படி வந்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இது என் வேலையா, குங்குமத்தின் வேலையா?

வழிகாட்டியான பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

“குங்குமமா? அதுக்கு எத்தனை பரிமாணம்மா?” என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “பொட்டில்லாம ஒண்ணு, பொட்டு மட்டும் ஒண்ணு, ரெண்டையும் அளந்துட்டு வா. இல்லன்னா இந்தத் தடவை கமிட்டி கிடையாது” என்றார்.

வெறும் கார்பன் துணிக்குப் பொட்டு வைத்து, யாரும் பார்க்காதபோது கருவியில் மாட்டினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. பொட்டில்லாத புது மின்முனையோ பழையதைப் போலவே பொங்கியது. குழு ஒப்புக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார். “நான் வெச்ச பொட்டு வேலை செஞ்சுதாமா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று செருப்பைக் கழற்றும்வரை யோசித்தேன்.

“அது ஒண்ணும் பண்ணல அத்தை.”

அவர் குங்குமச் சிமிழைத் திறந்து மோந்து பார்த்தார்.

“கடைக் குங்குமம். கலப்படம் பண்ணிக்கினு இருக்கான். அடுத்த வருசம் வீட்லயே மஞ்சள் அரைச்சி எடுத்தாறேன், கவலப்படாத.”