மைக்ரான் அண்ணன் கழுத்தில் கட்டிய நெறி

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். நாலு மைக்ரான் கனத்துக்கு மனுஷச் சதையைச் சீவித் தருவது ஆஸ்பத்திரி லேபில் அவர் வேலை. மெழுகில் பதித்த துண்டை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவார். நாடா நாடாவாக வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, நீலச் சாயமும் ரோஜாச் சாயமும் ஏற்றி, நோய் பார்த்துச் சொல்லும் டாக்டரம்மா மேஜைக்கு அனுப்புவார். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. அதனால்தான் எல்லோருக்கும் அவர் மைக்ரான் அண்ணன்.

கறார் என்றால் அப்படியொரு கறார். வயது எழுதாத சீட்டோடு சதைத்துண்டு போட்ட ஒரு பாட்டில் வந்துவிட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

"வயசு தெரியாம என்னத்தைப் பார்க்கிறது? நெஞ்சுக்குள்ள இருக்கிற தைமஸ் சுரப்பியையே எடுத்துக்க. குழந்தைக்குக் கொழுகொழுன்னு இருக்கும், கிழவனுக்கு வெறும் கொழுப்புதான் மிஞ்சும். போய் எழுதிட்டு வா!"

இப்பேர்ப்பட்ட மனுஷர் தன் வயதை மட்டும் மூச்சுவிட மாட்டார். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து, "உட்காருங்க ஐயா" என்று இடம் கொடுத்துவிட்டாள். நல்ல மனசு, பாவம். அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பாக்கெட் தலைச்சாயத்தோடு குளியலறைக்குள் புகுந்துகொண்டார்.

"முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வச்சுப் பார்க்கணுமாம், அட்டையில போட்டிருக்கு!" என்று கதவுக்கு வெளியே மனைவி கத்தினாள்.

"சாயத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மறுநாளே மண்டை அரித்துத் தொலைத்தது. புண்ணாகி, ஒரு வழியாக ஆறியும் போயிற்று. ஆனால் பிடரிக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு நெறி கட்டியது மட்டும் இறங்கவில்லை.

"தலையில புண், அரிப்பு ஏதாவது வந்துச்சா? எதையாவது தடவினீங்களா?" என்று கேட்டார் ஆபரேஷன் டாக்டர். பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"முடி நல்லா கருகருன்னு இருக்கே?"

"எங்க பரம்பரையே அப்படித்தான்."

காரணம் தெரியாத கட்டியை விட்டுவைக்க முடியுமா? இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, முழுசாக அறுத்தெடுத்து லேபுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அண்ணனுக்குப் புற்றுநோய்ப் பயம் வந்தது. கெட்ட நெறிகளையும் தன் கையால் எத்தனையோ சீவியவர் அல்லவா! மனைவிக்கு எடுத்துச் சொன்னார்: "நெறிங்கிறது ஒரு சோதனைச்சாவடி மாதிரி. உடம்புல ஊறுற நீர் அதுக்குள்ள புகுந்துதான் போகணும். வேண்டாதது வந்தா, உள்ள இருக்கிற செல்லுங்க வட்ட வட்டமா கூடிப் பெருகும். நடுவுல வெளுப்பு, சுத்தி கருநீலம். அந்த வட்டம் ஒழுங்கா இருந்தா பிழைச்சோம்."

"இல்லேன்னா?"

"வட்டமெல்லாம் அழிஞ்சு ஒரே நீலமா கிடக்கும்."



தன் நெறியைப் பதித்த மெழுகுக் கட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் தானே மெஷினில் மாட்டினார். கத்தி பட்டதும் அவர் கழுத்து கூசியது. முதல் நாடா அறுந்தது. இரண்டாவது சுருண்டது. மூன்றாவதற்குள் கூட வேலை பார்க்கிற பெண், "தள்ளுங்கண்ணே" என்று ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் கனமா வருதே" என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று முனகினார்.

தகடு டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்பில் ஏறியது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. எதிர்ப்பக்கம் அண்ணன் கண்ணை வைத்தார். முடிவு தெரிந்துகொள்ள லேபுக்கே வந்துவிட்ட மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேரம் போயிற்று. அண்ணன் கண்ணை எடுக்கவே இல்லை.

"என்னங்க, சொல்லுங்களேன்!"

"மூலையில ஒரு மடிப்பு விழுந்திருக்கு."

அவர் முதுகில் நச்சென்று ஒன்று வைத்தாள். "வட்டம் இருக்கான்னு கேட்டேன்!"

"இருக்குடி. எக்கச்சக்கமா இருக்கு" என்றவர் விக்கி விக்கி அழுதார்.

"புற்றுநோய் எல்லாம் இல்லை" என்றார் டாக்டரம்மா. "எதையோ எதிர்த்துத்தான் வீங்கியிருக்கு. உண்மையைச் சொல்லுங்க, தலைக்கு என்ன போட்டீங்க?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

"சாயம் டாக்டர்!" என்றாள் மனைவி.

"அட கடவுளே! முன்னாடியே சொல்லியிருந்தா அறுத்தே இருக்க மாட்டாங்களே!" டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "போகட்டும். இவ்வளவு லட்சணமான நெறி கிடைக்கிறது கஷ்டம். உங்களுக்குச் சம்மதம்னா, மாணவர்களுக்குப் பாடம் நடத்த இந்தத் தகட்டை வச்சுக்கலாமா?"

அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லேபிளைத் தானே முத்து முத்தாக எழுதினார்: கழுத்து நெறி, ஆண்.

டாக்டரம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "வயசு?"

மனைவி, கூட வேலை பார்க்கிற பெண், எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கொஞ்சம் முன்னால்வரை இந்த வயதோடு தன் கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தார். பென்சிலை எடுத்து, ஐம்பத்தேழு என்று பெரிதாகவே எழுதினார்.

"வர்ற மாசம் ஐம்பத்தெட்டு" என்றார், யாரும் கேட்காமலே.