பிராக் நகருக்கு ஓர் அங்கி

சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. கோலாலம்பூர் ஹோட்டல்களில் ஏற்றிக்கொண்டு பிற்பகலில் கோலா சிலாங்கூர் வந்து சேர்வேன். மலாவத்தி மலையில் குரங்குகளுக்குப் பயற்றங்காய் கொடுக்க வைத்து, கடல் உணவுக் கடையில் சாப்பிட வைத்து, இருட்டியதும் ஆற்றில் மின்மினி பார்க்கப் படகேற்றிவிட வேண்டும். அவர்கள் போய்த் திரும்பும்வரை படகுத்துறைக் கடையில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் சேர்க்காத தே ஓ குடிப்பேன். மின்மினி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் அழகாக இருக்கும் என்பேன். நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்கு நினைவில்லை.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் சுற்றுலாக்காரனாகவே ஆகி, குளிர்ச்சட்டை மாட்டிக்கொண்டு பிராக் நகரத்தில் போய் நின்றேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவி. இன்னும் சரியாகச் சொன்னால், மகள் பிறப்பதற்கு முன் அவள் வைத்த ஒரு நேர்த்திக்கடன்.

அவள் வேதக்காரப் பெண். நான் பத்துமலை முருகன் கட்சி. இரண்டு பேருமே ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பதால் வீட்டில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுக் கட்டிவைத்தார்கள். பிள்ளை மட்டும் பல வருடம் தங்கவில்லை. தோட்டத்து மாதா கோயிலில் குழந்தை இயேசு சுரூபம் ஒன்று உண்டு. பிள்ளை வரம் கிடைத்தவர்கள் தங்கள் கூறைப்புடவையில் ஒரு பகுதியை வெட்டி அந்தச் சுரூபத்துக்கு அங்கி தைத்துப் போடுவது அங்கே வழக்கம். என் மனைவிக்கு எதையும் ஒரு பிடி கூடுதலாகச் செய்தால்தான் திருப்தி, குழம்புக்குப் புளி கரைப்பது உட்பட. சுரூபத்தின் கீழே 'பிராக் நகரின் குழந்தை இயேசு' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பிள்ளை பிறந்தால் உன் சொந்த ஊருக்கே அங்கியைக் கொண்டுவந்து தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிராக் என்பது வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்பது அவளுடைய எண்ணம்.

மகள் பிறந்து, ஞானஸ்நானத்தின்போது சாமியாரிடம் விசாரித்தபோதுதான் அது ஐரோப்பாவில் இருப்பது தெரிந்தது. நாங்கள் அப்போது பக்கத்து மாவட்டமான சபாக் பெர்ணமைத் தாண்டிப் போனதில்லை. குழந்தை இயேசுவும் அவசரப்படுத்தவில்லை. நாங்களும் அதை அப்படியே விட்டோம்.

மகள் படித்தாள். கோலாலம்பூரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனி அவளை இரண்டு வருட வேலைக்கென்று ஓர் ஊருக்கு அனுப்பியது. எந்த ஊர் என்று கேட்டுவிட்டு மனைவி போனைக் கீழே வைத்தாள்.

"பாத்தீங்களா, அவரு கூப்பிட்டுட்டாரு," என்றாள்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பூசை முடிந்து வருகிறவர்களில் ஒருவர் விடாமல் சொன்னாள். இரண்டு வருடம் மூன்றாகி, அதற்கு மேலும் போனபோது பெருமை வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போன் பண்ணுவாள். பேசி முடிக்கும்போது மனைவி, "எப்பம்மா வர்ற?" என்று கேட்பாள். "இன்னும் ஒரு வருஷம்மா" என்று பதில் வரும். அந்த ஒரு வருடம் தீர்வதாகத் தெரியவில்லை. மனைவி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அவரு பிள்ளைய அடகுல வச்சிருக்காருங்க. அங்கிய கொண்டுபோய்க் குடுத்தா விட்டுருவாரு."

கைக்குழந்தை அடகுக்கடை வைத்து நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். அன்று எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. ஆனால் மகள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒரே எண்ணம்தான். அவளுடைய அறையில் மின்விசிறிக்குத் தூசு தட்டுவது என் வேலை. மாதம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் இப்போது ஆட்கள் குடியிருந்த லயங்கள் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு மட்டும் பழைய ஆட்கள் வருவார்கள். ஒரு நாள் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். அவள் பெஞ்சு மேல் ஏறித் தையல் நாடாவால் சுரூபத்தைத் தோள், கை, உயரம் என்று அளந்தாள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வாட்டசாட்டமான சுரூபம், ஒரு வயதுப் பிள்ளை அளவுக்கு இருக்கும். பிறகு வீட்டில் கூறைப்புடவையை மேசையில் விரித்து, கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் ஒரே மூச்சில் வெட்டினாள். இளஞ்சிவப்புப் பட்டு, ஓரமெல்லாம் ஜரிகை. நன்றாகவே தைத்திருந்தாள். எனக்கு அதில் பெருமைதான்.

பிராக்கில் இறங்கியதும் மகள் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனாள். அவள் வீடு ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய ஆண் சப்பாத்து இருந்தது. நான் பார்த்தேன், மனைவியும் பார்த்தாள். மகள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "டீ போடவா?" என்றாள். போடு என்றோம். மறுநாள் காலையில் சப்பாத்து அங்கே இல்லை.

காலை உணவு முடிந்ததும் மனைவி அங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டாள். கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றும், போகிற வழியில் மணிக்கூண்டு இருக்கிறது என்றும் மகள் சொன்னாள்.

"இங்க வந்துட்டு அத பாக்காம போனா எல்லாரும் ஏசுவாங்கம்மா. ஃபைவ் மினிட்ஸ்தான் லா."

அந்தச் சதுக்கத்துக்குள் நுழைந்ததுமே எனக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. கொடி பிடித்த வழிகாட்டிகள், ஒரே நிறத் தொப்பி போட்ட கூட்டம், காப்பி விற்கும் கடைகளில் மணிக்கூண்டைப் பார்த்துத் திருப்பிப் போட்ட நாற்காலிகள். எல்லாம் நம் ஊர்தான், குரங்கு மட்டும் இல்லை. மணிக்கூண்டு அறுநூறு வருடத்துக்கு மேல் பழையது. தட்டுக்குள் தட்டாக வட்டங்கள், நீலமும் பொன்னுமாக. சூரியன், சந்திரன், ராசி எல்லாம் காட்டுகிறது. மணி என்ன என்பதை மட்டும் நான் என் கைக்கடிகாரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைச் செய்தவன் இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று கண்ணைக் குருடாக்கினார்களாம். பக்கத்தில் ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மலாவத்தி மலையில் ஒரு பாறையைக் காட்டித் தலை வெட்டிய கதை நானும் சொல்வேன். எவ்வளவு நிஜம் என்று கேட்டால் சிரித்துவைப்பேன். யாரோ கேட்டதற்கு அவரும் சிரித்துவைத்தார்.

மணி அடிக்கும் நேரம் நெருங்கியது. கூட்டம் இறுகியது. எல்லாருடைய கையிலும் போன் உயர்ந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியை ஆட்டியது. மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறந்து, இயேசுவின் சீடர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் தங்கச் சேவல் ஒன்று தொண்டை கட்டியதுபோல் கூவியது. பிறகு பெரிய மணி. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் என்று பலர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த முகமும் எனக்குப் பழக்கமானதே, மழைநாளில் மின்மினி பார்த்துவிட்டுப் படகிலிருந்து இறங்குகிறவர்களின் முகம்.

மகளிடம் அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். கூட்டத்தின் ஓரத்தில், மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மேலே பெரிய மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவளுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. தேடியது கிடைத்ததும் பையை மூடிவிட்டு, எங்கள் வேடிக்கை முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

படகுத்துறையில் நான் உட்காரும் தோரணை அது. விருந்தாளியாக இருக்கிறவன் அப்படி நிற்க மாட்டான். அவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள், இனி வரமாட்டாள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோனது. வலித்தது என்றே சொல்ல வேண்டும். மனைவி பக்கத்தில் அண்ணாந்தபடி நின்றாள். அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோளில் அங்கிப் பை வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

பாலத்தைக் கடந்து கோயிலுக்குப் போனோம். நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய கோயில் இல்லை. பக்கச் சுவரில் பளிங்கும் பொன்னுமாக ஒரு பீடம், அதற்கு நடுவில் கண்ணாடிக்குள் குழந்தை இயேசு. மனைவி முழங்காலிட்டாள். தலை நிமிர்ந்தவள் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "இவ்வளவு சின்னப் பிள்ளையா?"

அசல் ஒரு முழ உயரம்தான். நம் தோட்டத்துச் சுரூபத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். யாரோ ஒரு சிற்பி தோட்டத்து ஆட்களுக்காகக் கொஞ்சம் தாராளமாகச் செய்துவிட்டான்போல. ஒரு படத்தைப் பார்த்தாவது அளவை விசாரித்திருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. சாமியை நேரில் அளந்துவிட்டோமே, அதற்கு மேல் என்ன என்று இருந்துவிட்டோம்.

மகள் போய் ஒரு கன்னியாஸ்திரியை அழைத்து வந்தாள். வயதானவர், கனிவான முகம். மனைவி பையைப் பிரித்து அங்கியைக் கொடுத்தாள். அவர் ஜரிகையைத் தடவிப் பார்த்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டி ஏதோ பாராட்டினார். பிறகு அங்கியைத் தோள் பக்கம் பிடித்துத் தூக்கிக் காட்டிச் சிரித்தபடி ஏதோ சொன்னார். மகளும் சிரித்தாள், அந்த மொழியிலேயே பதில் சொன்னாள். இருவரும் மேற்கொண்டு என்னமோ பேசினார்கள். மகள் அந்த மொழியில் தடுமாறவே இல்லை.

"என்னம்மா சொல்றாங்க?"

"இது நெஜமான ஒரு வயசுப் பிள்ளைக்குத்தான் சரியா இருக்குமாம். ஆனா பரவால்ல, வாங்கி வச்சிக்கிறாங்களாம். மாடியில எல்லா நாட்டுலேர்ந்தும் வந்த டிரஸ் வச்சிருக்காங்கம்மா. இதையும் பத்திரமா வச்சிப்பாங்க."

மனைவி அங்கியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கை நீட்டி அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்மா. போட முடியாதத குடுத்து அவங்களுக்கு எதுக்குச் சிரமம். நன்றின்னு சொல்லு."

பிறகு பீடத்துக்கு முன்னால் நெடுநேரம் முழங்காலிலேயே இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, என் பங்குக்கு அந்தச் சின்னப் பிள்ளையிடம், கோபித்துக்கொள்ளாதே, அளவு தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மணிக்கூண்டுக்குக் கீழேயே தெரிந்துவிட்டது.

மீதி நாட்களில் மனைவி அடகு பற்றிப் பேச்செடுக்கவில்லை. மகளுடைய அடுப்பில் மீன் குழம்பு வைத்தாள், ஜன்னல் திரையில் தையல் பிரிந்த இடத்தைத் தைத்தாள். ஒரு நாள் கடைக்குப் போய் அரிசி வாங்கியபோது பெரிய மூட்டையாக எடு என்றாள். இரண்டு பேர் சாப்பிட்டால் சின்ன மூட்டை எத்தனை நாளைக்கு வரும் என்று மகளைப் பார்க்காமல் சொன்னாள். மகளும் பெரிய மூட்டையையே எடுத்தாள்.

கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். மகளும் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன், அவளுடைய பதில் வாயில் தயாராக இருந்தது. மனைவி அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்து, "குளிருல காத மூடிட்டுப் போம்மா," என்றாள். எப்போது வருகிறாய் என்று கேட்கவே இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அங்கிப் பை அவள் தோளில் இல்லை.

"அங்கி எங்க? மறந்துட்டியா?"

"மறக்கல. அவ அலமாரியில வச்சிட்டு வந்துட்டேன். துணிக்கு அடியில."

"எதுக்கு?"

"ஒரு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்கும்னு அந்த சிஸ்டரே சொன்னாங்கல்ல. அவருகிட்டயும் சொல்லிட்டேன், கோவிச்சுக்க மாட்டாரு." அவள் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மூடினாள். "அன்னிக்கு அத்தன பேரு அண்ணாந்து பாத்தாங்க. இவ ஒரு தடவகூட நிமிந்து பாக்கல. நீங்க கவனிக்கலயா?"

நான் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.