காவோலை இழுத்த மணலில் ஒரு பல்லுப்போன ரயர்

ஒருவர் கடைக்கு வந்தால் முதலில் அவர் வந்த வாகனத்தின் ரயரைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பிறகு பார்க்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உடுவில் பக்கம் ரயர் ஒட்டும் கடையொன்றில் சேர்ந்து, பிறகு அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டவன் நான். ஒருமுறை ரியூபுக்குப் பூசும் வெண்தூள் முடிந்துவிட்டது. அவசரத்துக்கு மனைவியின் சந்தன வாசப் பவுடரை எடுத்து ரயருக்குள் கொட்டினேன். ரியூப் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாகப் படிந்தது. அன்றையிலிருந்து அதுதான். எங்கள் கழகத்தின் முதலாவது ஓட்டக்காரர், வெங்காயத் தோட்டம் செய்கிற பெடியன், இதை வைத்து என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. "அண்ணை, இது ரயரோ, கலியாணப் பொம்பிளையோ?" என்று மணந்து மணந்து பார்ப்பான்.

கழகம் என்றால் மோட்டோ குரொஸ் கழகம். தார் ரோட்டில் ஓடுகிற போட்டி அல்ல. மணலிலும் மேட்டிலும் பள்ளத்திலும் மோட்டார் சைக்கிளைப் பாயவிடுகிற போட்டி. நான் ஓடுவதில்லை, பயம். ஆனால் கழகத்துக்குச் செயலாளர். கவலைப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, என்னைப் போட்டார்கள். பொலிசுக்கு, பிரதேச சபைக்கு, அம்புலன்சுக்கு என்று தலைவர் கடிதம் எழுதுவார். அவர் வாகனம் ஓட்டப் பழக்குகிற பள்ளி நடத்துபவர், எழுத்தில் கெட்டிக்காரர். அவர் வாசித்துக் காட்டினால் எனக்குப் போதாது. கடையில் நிற்கிற இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து வைப்பேன்.

போட்டி நடந்த இடம் சாவகச்சேரிக்கு அப்பால், வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடைய பனங்காணி. தடம் கட்டி முடிந்த பிறகு, போட்டிவரை ஒருவரும் அதில் ஓடக்கூடாது, ஓடினால் அவருக்கு அன்றைக்குப் போட்டி இல்லை என்ற விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். வெளிக் கழகங்கள் எங்களைச் சந்தேகப்படும் என்று எனக்குச் சந்தேகம். விதியை எழுதினால் போதுமா? போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் சின்ன உழவு இயந்திரத்தின் பின்னால் காய்ந்து விழுந்த பனையோலை, காவோலை, ஒரு கட்டைக் கட்டி, கல்லொன்றைப் பாரமாக வைத்து, தடம் முழுக்க இழுத்தேன். மணல் வாரி இழுத்த தலைமயிர் மாதிரிப் படிந்து கிடந்தது. இனிக் காகம் நடந்தாலும் தெரியும். பொழுதுபட முதல் நான் வீட்டுக்கு வெளிக்கிட்டேன். எங்கள் வெங்காயத் தோட்டக்காரன் சாமான் வைத்த கூடாரத்துக்குக் காவல் நிற்பதாகச் சொன்னான்.

அந்தப் போட்டியில் ஒரு இடம்தான் கிடந்தது. குடாநாட்டுக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து, பெரிய ஓட்டத்தில் முதலாவதாக வருபவரைத் தெற்கில் நடக்கிற பெரிய போட்டிக்கு அனுப்புவதென்று முடிவெடுத்திருந்தன. எங்கள் ஆளான வெங்காயத் தோட்டக்காரன், இல்லாவிட்டால் பருத்தித்துறையிலிருந்து வருகிற கடல்தொழில்காரன். மூன்றாவது ஆள் இல்லை. பருத்தித்துறைக்காரன் பேர் கொடுக்கப் போன் எடுத்தபோதே சொன்னான்: "அண்ணை, எனக்கு இந்தமுறைதான். வாற வரியம் வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்க இந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போடுவன்." இரக்கம் வந்திருக்கவேண்டும். இவன் ஏன் எனக்கு இதைச் சொல்கிறான் என்றுதான் யோசித்தேன்.

விடிய ஐந்தரைக்குக் காணிக்குப் போனேன். பருத்தித்துறைக்காரனுடைய சின்ன லொறி எனக்கு முதலே வந்து நின்றது. மீன் மணம். அவனும் அவனுடைய அத்தானும் லொறிக்குப் பின்னால் குந்தியிருந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் சிரித்தான். தேவைக்குக் கூடுதலாகச் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

நேரே தடத்துக்குப் போனேன். காவோலை இழுத்த மணலில் ஒற்றை மோட்டார் சைக்கிள் ஓடிய அடையாளம். ஒரு முழுச் சுற்று. வளைவில் எங்கே சரித்திருக்கிறான், மேட்டில் எங்கே எழும்பியிருக்கிறான், எல்லாம் கிடந்தது. குனிந்து பார்த்தேன். இந்தச் சைக்கிள்களின் ரயரில் ரப்பர் பல்லுப் பல்லாக நிற்கும். பின் ரயர் அடையாளத்தில் ஒரு பல்லு விழுந்திருந்தது. ஏறக்குறைய ஏழடிக்கு ஒருக்கால் அதே இடைவெளி.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சைக்கிள்களைச் சோதிக்கிற மேசையில் போய் இருந்தேன். பிரேக், செயின், தலைக்கவசம் எல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் முழங்காலில் இருந்து சில்லைக் கையால் சுற்றினேன். எங்கள் ஆளுடைய சைக்கிளில் புத்தம்புது ரயர். ஒன்பதாவதாக வந்தது பருத்தித்துறைச் சைக்கிள். அரைச் சுற்றுச் சுற்ற, என்னுடைய பெருவிரல் அந்தப் பள்ளத்தில் விழுந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இவன்தான் என்று நினைத்தேன், இவன்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது கதை சொல்லுவான் என்று, கேட்காமல் தலைவரிடம் போனேன். தலைவர் வந்து மணலையும் ரயரையும் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார். தடத்தில் களவாக ஓடியதற்காகப் பருத்தித்துறை ஓட்டக்காரர் விலக்கப்படுகிறார். சனம் ஊளையிட்டது.

அவன் வரமுதல் அத்தான் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நேரே என்னிடம்.

"ஆர் இஞ்சை துப்பறியிற ஆள்? நீங்களோ?"

"ரயர் சொல்லுது, அண்ணை," என்றேன்.

"ரயர் கதைக்குமோ? அப்ப அதிட்டையே கேளுங்கோ ஆற்றை பிள்ளையெண்டு. இது எங்கடை ரயர் இல்லை."

பருத்தித்துறைக்காரன் பின்னால் ஓடி வந்தான். "அண்ணை, என்ரை ரயர் முள்ளுக்கம்பி கிழிச்சுப் போச்சு. இஞ்சை வந்து காத்தடிக்கேக்கைதான் கண்டனாங்கள். உங்கடை ஆள்தான் பாத்திட்டு, தன்ரை பழசு ஒண்டு கிடக்கு எண்டு விடியத் தந்தவர். நீங்கள் வரேக்கை அதைத்தான் பூட்டிக்கொண்டிருந்தனாங்கள்."

எல்லோரும் எங்கள் ஆளைப் பார்த்தார்கள். அவன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் தரேல்லை," என்றான். "உவை சும்மா கதை கட்டினம்."

"உண்ணாணத் தரேல்லையோ?" என்று சத்தியம் கேட்டார் அத்தான்.

"எனக்கேன் ஆணை? தரேல்லை எண்டால் தரேல்லை."

தலைவர் என் காதுக்குள், "எங்கடை பெடியன் பொய் சொல்லமாட்டான்" என்றார். அது எனக்கு நல்ல வசதியான கதை. இவன் போனால் எங்கள் ஆள் தெற்குக்குப் போவது உறுதி. ஆனால் கடை பூட்டியபிறகும் மூன்றுதரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். சும்மா விடக் கை வராது. ஓட்டோவில் இருந்த என் பெட்டியை எடுத்துவந்து, "ரயரைக் கழட்டிப் பாப்பம்" என்றேன். கழட்டினால் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது.

பின் சில்லை எடுத்து நிலத்தில் கிடத்தி, காற்றைத் திறந்து, கம்பி போட்டு ரயரின் ஒரு பக்கத்தைக் கிளப்பினேன்.

சந்தன வாசம் வந்தது.

உள்ளே விரலை விட்டேன். விரல் வெள்ளையாக வந்தது. பருத்தித்துறைக்காரன் ஒருநாளும் என் கடைக்கு வந்தவன் அல்ல. இந்த வகை ரயர் அந்த வருடம் இரண்டுதான் பூட்டியிருந்தேன், இரண்டும் ஒருவனுக்கு. என் கையால் பூட்டிய ரயரை, ஒரு பல்லு விழுந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தலையை நிமிர்த்தி எங்கள் ஆளைப் பார்த்தேன். அவன் கையுறை மாட்டுவதை நிறுத்தியிருந்தான். அந்த வாசம் அவனுக்கும் தெரியும். எத்தனை தரம் மணந்தவன்.

ரயரைத் திரும்ப அமத்திவிட்டால் வாசமும் உள்ளே போய்விடும். வேறு ஒருவருக்கும் அதில் ஒன்றும் விளங்கப்போவதில்லை. நான் நேர்மையானவன், அதனால் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், அத்தான் மூக்கைச் சுருக்கியபடி என் வெள்ளை விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிசனுக்கு விளங்கிவிட்டதோ என்ற பயம்தான் என் வாயைத் திறந்தது.

"இது என்ரை கடைப் பவுடர்," என்றேன். "இந்த ரயர் நான் எங்கடை ஆளுக்குப் பூட்டினது."

பிறகு எங்கள் ஆள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரி இந்தப் பழசோடை ஒரு சுத்துத்தான் ஓடினனான், பிறகுதான் புதுசு பூட்டினது. மேடு பிழையாய்க் கிடக்கோ எண்டு பாக்க" என்றான்.

தலைவர் திரும்ப ஒலிபெருக்கிக்குப் போகவேண்டியிருந்தது. இந்தமுறை எங்கள் ஆள் விலக்கப்பட்டான், பருத்தித்துறைக்காரன் ஓடலாம். சனம் திரும்பவும் ஊளையிட்டது, அவர்களுக்கென்ன.

"அப்ப என்ரை ரயரை என்னட்டைத் தரச்சொல்லுங்கோ," என்றான் எங்கள் ஆள்.

அத்தான் கைகொட்டிச் சிரித்தார். "பத்து நிமிசத்துக்கு முதல் ஆரெண்டே தெரியாது. இப்ப பெத்த பிள்ளையோ? இந்தா, கொண்டுபோய்த் தாலாட்டு!" சில்லிலிருந்து ரயரை உருவி அவனுடைய காலடிக்கு உருட்டிவிட்டார்.

உருட்டிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. பருத்தித்துறைக்காரனிடம் ஓடுவதற்கு ரயர் இல்லை. மற்றவர்கள் கொண்டுவந்த மேலதிக ரயர் ஒன்றும் அவனுடைய சில்லுக்குப் பொருந்தவில்லை. பெரிய ஓட்டத்துக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது.

அவனுடைய கிழிந்த ரயரை வாங்கிப் பார்த்தேன். பக்கச்சுவரில் பெருவிரல் நீளத்துக்கு வெட்டு. கடையில் யாரும் கொண்டுவந்தால், எறி என்றுதான் சொல்வேன். பெட்டியில் கிடந்த பழைய ரயர்த் துண்டொன்றை எடுத்து, ஓரங்களைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, உள்ளுக்குப் பசை பூசத் தொடங்கினேன். அவன் எனக்கு முன்னால் குந்தி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"நான் உதை நம்பித்தான் மேட்டாலை பாயவேணும்," என்றான்.

"ஓம்."

"நான் விழுந்தால் உங்கடை கழகத்துக்குச் சந்தோசம்தானே?"

"சிலபேருக்கு."

"உங்களுக்கு?"

பசை காய வாயால் ஊதிக்கொண்டிருந்ததால் மறுமொழி சொல்லாமல் தப்பினேன். துண்டை வைத்து, மேலே ஏறி நின்று மிதித்தேன். இறங்கிப் பார்த்தேன். திரும்ப ஏறி மிதித்தேன்.

"சில்லாலை கொஞ்சம் தள்ளி நில்லும், தம்பி. வெளிச்சம் மறைக்குது," என்றேன்.

"மறைச்சாலும் பரவாயில்லை. நான் பாக்கவேணும்."

புது ரியூபை வைத்துப் பவுடர் போட்டபோது அத்தான் முகத்தை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் பூசுங்கோ. பரிசு வாங்கேக்கை படம் எடுப்பினம்."

பத்துச் சுற்று. நான் கயிற்றோடு ஒட்டி நின்றேன். அவன் முன்னுக்கு நிற்கிறானா பின்னுக்கு நிற்கிறானா என்று நான் பார்க்கவில்லை. ஒவ்வொருமுறையும் மேட்டால் எழும்பி, பின் சில்லு நிலத்தில் விழுகிற அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். அம்புலன்சின் சாரதி ஆசனத்தில் இருக்கிறாரா என்று இடைக்கிடை திரும்பிப் பார்த்தேன். ஒருமுறை அவர் இல்லை. கச்சான் கடலை வாங்கப் போயிருந்தார்.

எங்கள் ஆள் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணைத் தடத்திலிருந்து எடுக்காமல் கேட்டேன்.

"ஏன் அவனுக்கு அந்த ரயரைக் குடுத்தனி?"

"பாவமாக் கிடந்துது. ஒரு சாமான் கேட்டால் குடுக்கிறதுதானே வழக்கம்."

"பிறகேன் இல்லையெண்டனி?"

"பயம்."

"பல்லுப் போனது தெரியுமோ?"

"ரயரிலை எத்தினை பல்லு, அண்ணை. ஆர் எண்ணுறது?"

அப்போது முகத்தைப் பார்த்தேன். முகம் முழுக்கப் புழுதி. இரக்கப்பட்டுக் கொடுத்தானா, மணலில் தன் அடையாளம் கிடக்கிறதென்று தெரிந்து அடையாளத்தோடு சேர்த்துக் கொடுத்தானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போதும் கடைக்கு வருகிறான். பவுடரைப் பற்றி மட்டும் பகிடி விடுவதில்லை.

பருத்தித்துறைக்காரன் முதலாவதாக வந்தான். சனம் ஓடிப்போய்த் தூக்கியது. தலைவர் மாலையோடு காத்துக்கொண்டு நின்றார். அவன் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி அத்தானிடம் கொடுத்துவிட்டு, என்னுடைய பெட்டியைத் தேடி வந்தான். கம்பிகளை அவனே எடுத்தான். பின் சில்லைக் கழற்றி, காற்றைத் திறந்து, ரயரைக் கிளப்பினான். தலைவர் மாலையைக் கைமாற்றிக்கொண்டு, "முதல் இதைப் போடுவம், தம்பி" என்று கூப்பிட்டார். அவன் நிமிரவில்லை.

நானும் குனிந்தேன். அவன் ஒட்டின் நான்கு ஓரத்தையும் விரலால் தடவினான். மூன்று பிடித்திருந்தன. நான்காவது ஓரம் நகக்கண் அளவுக்கு எழும்பியிருந்தது.

"இது விட்டிருக்கு," என்றான்.

"விட்டிருக்கு," என்றேன்.

"இன்னும் ரெண்டு சுத்து இருந்தால்?"

"தெரியாது, தம்பி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பவுடர்க் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

"தெக்கை போக முதல் புது ரயர் போடவேணும். உங்கடை கடைக்குத்தான் கொண்டு வருவன். ஆனால் பக்கத்திலை நிண்டு பாப்பன்."

"நில்லும்," என்றேன்.