மெஷின் நகராமல் ஊர்போய்ச் சேர

மரவேலை மெஷினை டிரெய்லரில் ஏற்றுவது பெரிய காரியமில்லை; ஏற்றின இடத்திலேயே இறங்கும்வரை அது நிற்க வேண்டும், அதுதான் தொழில். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அருப்புக்கோட்டையில் டிராக்டரும் டிரெய்லரும் வைத்து வாடகைக்கு ஓட்டினேன். மரப்பட்டறைக்காரர்களும் மரம் அறுக்கும் சா மில்லுக்காரர்களும் மதுரையிலோ விருதுநகரிலோ பழைய மெஷின் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். கூட மாடசாமி வருவான். லோடு ஏற்றி இறக்குவதில் என் கூட்டாளி, என் வயதுக்காரன். கனத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்து ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

நரிக்குடி ஆசாரி ஒருவர் இழைப்பு மெஷின் வாங்கியிருந்தார். முழுக்க வார்ப்பிரும்பு. கீழே குழாய்களை உருளையாகப் போட்டுத் தள்ளி ஏற்றினோம். டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் கனம் விழுகிற மாதிரி நிறுத்தி, நாலு மூலைக்கும் சங்கிலி போட்டு இறுக்கினோம். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால் ஆசாரி டிரெய்லரில் ஏறி மெஷினைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் பிடித்துக்கொள்வாராம்.

சாய்ந்தால் மெஷின்தான் அவரைப் பிடித்துக்கொள்ளும் என்று மாடசாமி சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கையால் இழைத்த மனுஷனுக்கு அது வெறும் இரும்பில்லை என்பது எனக்கும் புரிந்தது. ஆனாலும் என்ஜினை நிறுத்தி இறங்கிவிட்டேன். அவர் இறங்காமல் வண்டி நகராது என்றேன். கடைசியில் இறங்கி என் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்தார். நரிக்குடி வரைக்கும் அவர் ஒரு தடவைகூட முன்னால் பார்க்கவில்லை. பட்டறை வாசலில் அவர் சம்சாரம் சூடம் காட்டி முடித்ததும், பிடரியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "மெஷினு நல்லா வந்துருச்சு. எனக்குத்தான் கழுத்து திரும்ப மாட்டேங்குது."

பந்தல்குடி தாண்டி

தூத்துக்குடி ரோட்டில் வட்ட ரம்ப மேஜை ஒன்றை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கெல்லாம் சங்கிலி போட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பந்தல்குடி தாண்டியதும் ஓடையிலிருந்து ஆடுகள் ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டன. முன்னால் போன லாரி நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். டிராக்டர் நின்றது, டிரெய்லர் நின்றது, மெஷின் நிற்கவில்லை.

பலகை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. மாடசாமி குதித்துப் போய்ப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்ப வேண்டாம் என்றான். நான் திரும்பினேன். முன்பலகையைப் பிளந்துகொண்டு மேஜையின் இரும்பு மூலை என் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதற்குப் பிறகு எந்த மெஷினையும் அதன் காலைச் சுற்றிக் கருவேலக் கட்டைகளை டிரெய்லர் தளத்தில் ஆணியடித்து நிறுத்தாமல் நாங்கள் எடுத்ததில்லை. ஆடு மேய்த்த பொம்பளை கிட்டே வந்து, அந்த மூலையையும் என் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஆட்டுக்கு ஒண்ணும் இல்லய்யா. நீங்க மொதல்ல தண்ணியக் குடிங்க" என்றாள்.

படுத்தபடி வரக்கூடாது

திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி புதிதாக சா மில் போட்டார். வாங்கியது பேண்ட் சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பட்டை ரம்பம், ஒன்றரை ஆள் உயரம். தலைக்கனம் அதிகம் என்பதால் படுக்கப்போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. மில்லுக்கு வருகிற முதல் மெஷின் பிணம் மாதிரிப் படுத்தா வரும் என்று கேட்டார்.

நிறுத்திக் கொண்டுபோனால் தாழத் தொங்கும் கரண்டு கம்பியில் உரசும், வளைவில் வண்டியோடு சாயும் என்று சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். மூடினோம். பிறகுதான் விவகாரம் வந்தது. ரோட்டில் எதிரே வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை ஓரங்கட்டி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பஸ்ஸுக்கு நின்ற அம்மா ஒருவர் யாரென்று கேட்டார். மட்கார்டில் இருந்த அண்ணாச்சி முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். மில் உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி மெஷினைத் தூக்கி நிறுத்தி மாலை போட்ட பிறகுதான் பேசினார்: "மூடாமயே கொண்டாந்திருக்கலாம்."

பாவு ஓடிய தெரு

அருப்புக்கோட்டையில் தறிக்கு வேண்டிய மரச்சாமான் செய்யும் ஒருவர் கடைசல் மெஷின் வாங்கியிருந்தார். பட்டறை நெசவாளர் தெருவின் கடைசியில். நாங்கள் போன காலையில் தறிக்கு ஏற்றும் நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நூலைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் அடியில் போய்விடலாம் என்று பட்டறைக்காரர் அவசரப்பட்டார். நான் வண்டியை அணைத்துவிட்டேன். பாவுக்குச் சொந்தக்காரர் தன் சம்சாரத்திடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எங்களுக்கு மோர் வந்தது.

பாவு காய்ந்து சுருட்டின பிறகுதான் உள்ளே போனோம். பலகைச் சரிவில் மெஷின் இறங்கும்போது அதில் கட்டிய வடத்தைப் பின்னால் வேப்பமரத்தில் ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பட்டறைக்காரரும் நானும் பிடித்திருந்தோம். மாடசாமி கீழே நின்று கடப்பாரையால் வழி திருப்பினான். பாதியில் பட்டறைக்காரருக்குக் கை வழுக்கியது. வடம் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது. மாடசாமிக்குப் பின்னால் சுவர். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாவுக்காரரும் அவர் தம்பிமாரும் பாய்ந்து வந்து வடத்தைப் பிடித்தார்கள். மெஷின் மாடசாமியின் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. அவன் ஒதுங்கி வெளியே வந்து, கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தான். பாவுக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார்: "நூலு இழுத்துத்தாங்க பழக்கம். வடம் ரொம்ப எரியுது."

ஒரு தடவை கவிழ்த்திருந்தால் இந்தப் பக்கம் முழுக்க என் பேர் தெரிந்திருக்கும். ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்ததால், அந்த மெஷின்கள் எப்படி வந்தன என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை.