உமி மூட்டையில் வேப்பிலை

போன செவ்வாய்க்கிழமை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று முறை காபி போட்டேன். மூன்றும் ஆறிப்போயின. காரணம்? நாற்பது சுண்டெலிகள்!

நான் தஞ்சாவூரில் மலேரியா ஆராய்ச்சி செய்கிறவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக... வெள்ளைச் சுண்டெலிக்கு மலேரியாவை ஏற்றுவோம். அது எலி மலேரியா, நமக்கு ஒட்டாது — பயப்படாதீர்கள். ஒருமுறை படுத்து எழுந்த எலிக்கு மறுபடி ஏற்றினால் அசராது. ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் பழைய எதிரியை ஞாபகம் வைத்திருக்கும். அந்த டி செல்களை ஊசி போட்டு ஒழித்துவிட்டால்? எலி படுத்துவிட வேண்டும். என் முனைவர் பட்டமே இந்தக் கேள்விதான்.

படுக்கவில்லை! டி செல் இல்லாத எலிகளும் ஜம்மென்று ஓடின. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் துள்ளிக் குதித்தார்.

"இது பெரிய விஷயம்மா! டி செல் இல்லாமலே வேற ஏதோ காப்பாத்துது. அடுத்த மாசம் மாநாட்டுல சொல்லிடலாம்."

திங்கட்கிழமை மாலை கூண்டு சுத்தம் செய்தேன். எலிகளுக்குப் படுக்கை, நெல் உமி. போன மாதம், எலிகளுக்கு மறுபடி நோய் ஏற்றிய சமயத்தில், வழக்கமாகத் தரும் மில்லில் உமி தீர்ந்துபோனதால், திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம் பார்க்கும் என் அண்ணனிடம் கேட்டிருந்தேன்.

"ஏம்மா, இங்க எலிக்குக் கிட்டி வெச்சு வெச்சு எங்க கை காய்ச்சுப் போச்சு. நீ அங்க அதுக்கு மெத்தை போடுறியா?" என்று திட்டிவிட்டுத்தான் ரெண்டு மூட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அந்த உமிக்குள் ஏதோ பச்சையும் பழுப்புமாக... வேப்பிலை! பூச்சி அண்டாமலிருக்க நெல்லோடு வேப்பிலை போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். உமிக்கும் போட்டிருக்கிறார், மகராசன். ஆவியில் வேகவைத்துத்தான் கூண்டில் கொட்டினேன். கிருமி போகும், இலை போகுமா?

இத்தனை நாள் நான் ஏன் பார்க்கவில்லை என்கிறீர்களா? பார்த்தேன், தினமும் பார்த்தேன். மூட்டையில் வேப்பிலை இல்லாவிட்டால்தான் எங்கள் வீட்டு ஆட்களுக்கு உறுத்தும்! எலிகள் இலையைக் கொறித்திருந்தன. வேப்பிலைக்கு மலேரியாக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பார்கள். பிழைக்க வைத்தது இலையா, உடம்பா? தெரியாது. தெரியாததை மாநாட்டில் எப்படிச் சொல்வது?

இலை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கூலி உயர்வு கேட்டதற்காக அப்பா அடி வாங்கிய வயலுக்குத்தான் இன்று அண்ணன் பட்டாதாரர். எங்கள் தெருவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த முதல் ஆள் நான். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மூன்றாவது காபியும் ஆறிய பிறகு மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"முதல்லேருந்து ஆரம்பிங்க" என்றார். அவ்வளவுதான். ஏழு மாத உழைப்பு போயிற்று. பாத்ரூமில் போய் அழுதேன்.

மறுநாள் அண்ணன் போன் செய்தார். "நம்ம உமி ஒத்துக்கிச்சாம்மா? உன் எலிக்கு உண்ணி கிண்ணி வந்துடப் போவுதுன்னு கொல்லையில நானே மரமேறி இலை ஒடிச்சேன்."

"ரொம்ப நல்லா ஒத்துக்கிச்சுண்ணே" என்றேன்.

அண்ணன் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர். அண்ணே... இந்த ஒரு வாரம் மட்டும் விட்டுடுங்களேன்.