எந்த நாட்டு சர்க்காரானாலும் சர்க்கார்தான்

தம்பிக்குத் துபாயில் ஒரு ஹோட்டல் வேலை கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றார். "பிரைவேட்காரன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்குவான்." அடுத்த மாதம் வேறொரு ஏஜென்ட் வந்தான். பனி கொட்டும் ஒரு நாட்டின் ராணுவத்தில், ஸ்டோரில் சாமான் ஏற்றி இறக்கும் ஹெல்பர் வேலை. அப்பா அன்றைக்கே பேங்க் டெபாசிட்டை உடைத்தார். அம்மாவின் சங்கிலியும் கூடவே போனது.

எங்கள் மெட்டுகுடாவின் ரயில்வே குடும்பங்களுக்கு மூளை இப்படித்தான் ஓடும். தாத்தாவும் அப்பாவும் ஒர்க்‌ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்து டெக்னீஷியனாக ரிடயர் ஆனவர்கள். சர்க்கார் என்றால் குவார்ட்டர்ஸ், பிரமோஷன், பென்ஷன். அது யாருடைய சர்க்கார் என்பது சில்லறை விவரம்.

"அங்க சண்டை நடக்குதுப்பா," என்றேன். காஞ்சன்பாக்கில் ஏவுகணைக்குள் போகும் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. வெப்பம், குளிர், அதிர்வு என்று வரிசையாக டிக் போடுவேன். அவை கடைசியில் எங்கே போய் விழும் என்று தெரியும்.

"சண்டை போடறவன் வேற, ஸ்டோர்ல நிக்கறவன் வேற. உனக்கு டிபார்ட்மென்ட் தெரியாது."

டிபார்ட்மென்ட் அவனுக்குச் சில நாள் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பதுங்கு குழிக்கு அனுப்பியது. ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, இங்க ஸ்டோரே இல்ல. எப்படியாச்சும் என்னைக் கூப்பிட்டுக்கோ." பிறகு அவன் போன் எடுக்கவே இல்லை.

தூதரகம், டெல்லி, எங்கள் தொகுதி அலுவலகம் என்று வரிசை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் எழுதினேன். எல்லோரும் நிலைமையை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்கள் கவனித்தும் அவன் எந்தக் குழியில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. நம்மூர் பெட்ரோல் பங்குக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தார்நாகாவிலிருந்து சித்தப்பா சாப்பிட வருவார். டிவியில் கோட் போட்டவர்கள் போரின் செலவுகளைப் பட்டியல் போடுவார்கள்: டாங்கிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், பொருளாதாரத் தடைகள். பட்டியல் எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் வீட்டுச் செலவு எந்த வரியிலும் வரவில்லை.

"பாத்தியா, ரெண்டு பக்கமும் நம்மகிட்ட பேசறான். அவன்கிட்டயே சீப்பா எண்ணெயும் வாங்கறோம். இதுதான் ராஜதந்திரம்!"

"எண்ணெய் வந்துடுச்சு சித்தப்பா. தம்பி எப்ப வருவான்?"

"ஒரு பையனுக்காக நாட்டு உறவைக் கெடுத்துக்க முடியுமாம்மா?"

ரசக் கரண்டியோடு நின்ற அம்மா சொன்னாள்: "உங்க பையனை அனுப்புங்க. உறவு இன்னும் கெட்டியாகும்." அன்று அவர் தட்டில் ரசம் விழவில்லை.

குளிர்காலம் முடியும்போது இரண்டு தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல, கிளம்பும் நேரத்தில் சில பையன்களையும் கொடுத்தனுப்பினார்கள். அதில் தம்பி இருந்தான். இடது கையில் இரண்டு விரல்தான் மிச்சம்.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் சித்தப்பா சால்வையும் போனுமாக முன்னால் நின்றார். "நம்ம ராஜதந்திரத்துக்கு வெற்றி! காலனி குரூப்ல போடணும். சிரிடா!"

"நக்கோ, சித்தப்பா. போட்டோ வேணாம்."

வீட்டில் அம்மா சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து அவன் வலது கையில் வைத்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரிலீவிங் லெட்டர் ஏதாச்சும் கொடுத்தாங்களா? சர்வீஸ்ல சேருமா?"

தம்பி மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்: "ஹவ், சேரும்ப்பா. பிரமோஷனே வரும். என் பேட்ச்ல நான்தான் இப்ப சீனியர். மத்தவங்க யாரும் இல்ல."

அப்பா அவன் கையைப் பார்த்தார். எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"அண்ணா, ஹெட்லைன்ஸ் ஓடுது," என்றார் சித்தப்பா.