எல்லோரையும் கூப்பிடும் வசதி

யாரோ தங்கள் ஸ்டேட்டஸில் என்னைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று போன் முதல்முறை சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அந்த ஆசைகூட இருக்காதா? பழைய மாணவன் எவனோ பெரிய ஆளாகி, மேடையில் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறந்தேன். காட்டாங்குளத்தூர் அருகே மனை விற்பனை. காலேஜுக்கு நடந்து போகும் தூரம். படத்தில் காலேஜும் இல்லை, நடந்து போக ரோடும் இல்லை. நாலு கல்லும் ஒரு கொடித் தோரணமும் இருந்தன. மறுநாள் பேச்சுவாக்கில் விசாரித்தால், எங்கள் பால்காரரையும் அதே ஆள் அதே பாசத்தோடு குறிப்பிட்டிருந்தார்.

புதிதாக ஒரு வசதி வந்தால் அது எதற்கு என்று நமக்குப் புரிய ஆறு மாதம் ஆகிறது. இந்த ஆட்களுக்கு ஆறு மணி நேரம் போதும். ஓட்டெடுப்பு வசதி வந்தது. அசோசியேஷன் கூட்டத்தைச் சனிக்கிழமை வைப்பதா, ஞாயிறு வைப்பதா என்று கேட்க நான் அதைக் கற்றுக்கொண்டிருந்தபோதே, முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் குரூப்பில் “உடல் எடை குறைய வேண்டுமா?” என்று ஓட்டெடுப்பு வைத்துவிட்டார். ஆம், உடனே என்று இரண்டே பதில்கள். எங்கள் தெருவில் பதினொரு பேர் பொறுப்பாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். கூட்டத்தைப் பற்றிய என் ஓட்டெடுப்புக்கு மூன்று பேர்.

அந்தத் தெரியாதவரை உள்ளே விட்டது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான். அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனிக்கு மூன்று தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நோட்டீஸ் போர்டு. நான் செயலாளர், ஆகவே குரூப் அட்மின். ஒவ்வொருவர் எண்ணையும் கேட்டுக் கேட்டுச் சேர்ப்பது பேஜாராக இருந்ததால், குரூப்பில் சேரும் க்யூஆர் கோடை அச்சடித்து போர்டில் ஒட்டிவிட்டேன். போனைக் காட்டினால் போதும், சேர்ந்துவிடலாம். நவீனமாகிவிட்டோம் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். தெருவில் போன யார் யாரோ போனைக் காட்டிவிட்டுப் போனதை நான் யோசிக்கவில்லை.

பிறகுதான் எல்லோரையும் ஒரே தட்டலில் கூப்பிடும் வசதி வந்தது. குரூப்பை ஊமையாக்கி வைத்திருந்தவர்கள் போன்கூட மணியடிக்கும். முதல் வாரம் எங்கள் ரிட்டையர்டு ஆடிட்டர் சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காலை வணக்கம் சொன்னார். பதறியடித்துக்கொண்டு போனை எடுத்தால் ரோஜாப்பூ. இரண்டாவது வாரம் மனை, மூன்றாவது வாரம் வீட்டிலிருந்தபடியே வேலை, நான்காவது வாரம் முட்டி வலித் தைலம்.

எனக்குக் கோபம் வந்தது. டீச்சருக்குக் கோபம் வந்தால் சர்க்குலர் வரும். தெரியாத எண் எதுவாவது எல்லோரையும் கூப்பிட்டால், நான் குரல் பதிவில் அறிவிப்பேன். அறிவித்த பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் அந்த எண்ணை ரிப்போர்ட் அடிக்க வேண்டும். தண்ணீர் வரி கேட்டால் ஊருக்குப் போய்விடுகிற எங்கள் காலனி, இதில் காட்டிய ஒற்றுமையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. தைலக்காரர் எண் அன்று மாலையே முடங்கியது. எல்லோரும் கட்டைவிரல் அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே மீன்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பெட்டியில் ஐஸ் போட்டு மொபெட்டில் வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். முன்பெல்லாம் அவர் தெருமுனையில் கூவினால் மூன்று தெருவுக்கும் கேட்கும். சைவக் குடும்பங்கள் சில, காலையில் விளக்கேற்றும் நேரத்தில் இது என்ன என்று செயலாளரிடம் புகார் சொன்னார்கள். நான் அக்காவிடம் போய், “கூவாதீங்கக்கா, போன்ல மெசேஜ் போடுங்க, வேணும்கிறவங்க வந்து வாங்கிப்பாங்க” என்று நாகரிகம் சொல்லிக் கொடுத்தேன். அதற்காகவே அவர் ஒரு டச் போன் வாங்கினார். அஸ்தினாபுரம், பம்மல், பொழிச்சலூர் என்று வாடிக்கை வீடுகள் எல்லாம் அந்த எண்ணில் இருந்தன. என் எண்ணைக் கேட்டபோது நான் என் வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்தேன். செயலாளர் சைவத்துக்கும் அசைவத்துக்கும் பொதுவானவள் அல்லவா, அவள் போனில் மீன் வாடை வரக்கூடாது. தட்டில் மட்டும் வரலாம்.

புரட்டாசி முழுவதும் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் மீன் கிடையாது. அக்காவுக்கு அது வறட்சி மாதம். மாதம் முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மாதத்தின் பள்ளத்தையே மூடும். எங்கள் வீட்டுக்காரர் அந்த ஞாயிறை, எங்கள் கல்யாண நாளை எதிர்பார்க்காத அளவுக்கு எதிர்பார்ப்பார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை, நான் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நின்றிருந்தேன். போன் மணியடித்தது. குரூப்பில் ஏதோ ஒரு எண் எல்லோரையும் கூப்பிட்டிருந்தது. பெயர் இல்லை, ஒரு படம் மட்டும், அதுவும் இன்னும் இறங்காமல் மங்கலாக. நான் அது இறங்கும்வரை காத்திருக்கவில்லை. “திரும்பவும் ஒரு திருட்டு நம்பர் உள்ளே புகுந்திருக்கு. எல்லாரும் உடனே ரிப்போர்ட் அடிங்க” என்று குரல் பதிவு அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. நான் நிம்மதியாக முருங்கைக்காய் பேரம் பேசினேன்.

ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் பையோடு உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெசேஜ் இல்லை. அவர் அனுப்பியதும் போய்ச் சேரவில்லை. “அக்காவுக்கு சிக்னல் இருக்காது” என்று நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னேன். ஒன்பது மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனபோது பார்த்தேன். நோட்டீஸ் போர்டு பக்கத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு அக்கா கூவாமல் நின்றிருந்தார். பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏன்க்கா, மெசேஜே போடல?”

“போன் பூட்ச்சி டீச்சர். தொறந்தா, இந்த நம்பரு இனிமே செல்லாதுன்னு இன்னாவோ எய்தி வர்து. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சி சொல்லுச்சி.”

“எப்போலேர்ந்து?”

“நேத்து சாயந்தரம். எல்லாரும் போர்டாண்ட போன காட்டுறாங்களேன்னு நானும் காட்டி உங்க குரூப்புல சேந்துக்கினேன். நாளைக்கு மீனு வர்துன்னு போட்டோ போட்டேன். அந்த ஆடிட்டர் சாரு போடுறாரே, எல்லாருக்கும் மணியடிக்கிற மாரி, அப்டி. அப்பதான் நீங்க பேசுனீங்க, எவனோ திருட்டு நம்பருன்னு. நீங்க சொல்லிட்டீங்களேன்னு நானும் அவன தேடிக்கினே இருந்தேன். என்து ஒண்ணுதான் கீது அங்க. அதுக்குள்ள போன் பூட்ச்சி. அந்தப் பேமானிதான் என் போனையும் புட்ச்சிக்கினான் போல.”

மெஷின் பண்ணிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எத்தனையோ பெற்றோரிடம் எத்தனையோ பொய்யை முகம் மாறாமல் சொன்னவள் நான். ஆனால் அவர் அந்தத் திருடனைத் தேடியதாகச் சொன்னது என்னை அசிங்கமாக உணரவைத்துவிட்டது.

“அந்த நம்பர் உங்களோடதுதான்க்கா. ரிப்போர்ட் அடிக்கச் சொன்னது நான்தான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “மீனு போட்டோதான டீச்சர் போட்டேன்?”

“நான் திறந்துகூடப் பார்க்கலைக்கா.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் பெட்டி மூடியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார், மூடினார். பிறகு பரீட்சை ஹாலில் வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளையைப் போல என்னைக் கேட்டார்.

“அப்ப கூவட்டா டீச்சர்?”

“கூவுங்கக்கா.”

கூவினார். இரண்டு வருடம் கூவாத தொண்டை முதல் தடவை ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது தடவை மூன்று தெருவுக்கும் கேட்டது. உடனே என் போன் மணியடித்தது. ஆடிட்டர் சார் எல்லோரையும் கூப்பிட்டு, தெருவில் யார் சத்தம் போடுவது, செயலாளர் நடவடிக்கை எடுக்கவும் என்று போட்டிருந்தார். நான் எடுத்தேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி, வஞ்சிரத்தையும் சங்கராவையும் தெளிவாகப் படம் பிடித்து, செயலாளர் என்ற முறையில் நானும் எல்லோரையும் கூப்பிட்டேன். போர்டு பக்கம் மீன் வந்திருக்கிறது, நேற்று நான் திருட்டு நம்பர் என்று சொன்னது இந்த அக்காவின் எண், தவறு என்னுடையது என்று எழுதினேன். பாத்திரங்களோடு கொஞ்சம் பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். குரூப்பில் இருந்து மூன்று பேர் விலகினார்கள்.

பெட்டி பாதிதான் காலியானது. மீதி பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் கொண்டுவந்தது. “பொய்ச்சலூர்ல எல்லாம் ஃபிளாட்டு டீச்சர். வூட்லேர்ந்து போன் வந்தாதான் வாச்மேன் உள்ள வுடுவான். யாரு நம்பரும் எங்கையில இல்ல, எல்லாம் அந்தப் பூட்ன மெசேஜுக்குள்ளதான் கீது” என்றார் அக்கா. முடக்கத்தை நீக்கச் சொல்லி நான் அவர் போனில் மனு போட்டேன். பரிசீலித்தோம், விதிமீறல் உண்மைதான் என்று அடுத்த நிமிடமே பதில் வந்தது. யார் எதைத் திறந்து பார்த்தார்களோ தெரியவில்லை. மனை விற்கிற ஆள் அன்று காலையும் வேறொரு எண்ணிலிருந்து என்னைக் குறிப்பிட்டிருந்தார்.

கிளம்பும்போது அக்கா மொபெட்டின் முன்பையிலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

“புது நம்பர் வாங்கிக்கிறேன். உங்க வூட்டு சாரு நம்பர எய்திக் குடுங்க டீச்சர்.”

தாளை வாங்கி போர்டின் மேல் வைத்து, க்யூஆர் கோடின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.